புற்றுநோய் செல்லின் சமிக்ஞையை நிறுத்தும் மாத்திரைகள்: ஐதராபாத்தில் இருந்து நோயாளி வரை

ஐதராபாத்: ரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு, நாள்தோறும் விழுங்கும் மாத்திரையே முதன்மைச் சிகிச்சை என்ற நிலை 2001-ஆம் ஆண்டில் உருவானது. செல்லுக்குள் 'பெருகு' என்ற கட்டளையை இடைவிடாமல் அனுப்பும் ஒரு நொதியை அந்த மாத்திரை செயலிழக்கச் செய்கிறது. 'இமாட்டினிப்' என்னும் அந்த மருந்தும், அதே வழியில் பின்னர் வந்த 'சோராபெனிப்' என்னும் மருந்தும் குறைந்த விலையில் இந்திய நோயாளிகளைச் சென்றடைந்ததில் ஐதராபாத் மருந்து நிறுவனங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்த இரு மருந்துகளைச் சுற்றி எழுந்த வழக்குகளே இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் இரண்டு முக்கியப் பிரிவுகளுக்கு நடைமுறையில் பொருள் கொடுத்தன.

இவ்வகை மருந்துகள் எவ்வாறு செயல்படுகின்றன, எங்கே பலன் தருகின்றன, எங்கே தோற்கின்றன, அவற்றின் விலை ஏன் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

சமிக்ஞை நொதிகள் என்பவை யாவை?

உடலின் ஒவ்வொரு செல்லும் எப்போது வளர வேண்டும், எப்போது பிரிய வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்பதைத் தன்னைச் சுற்றியுள்ள செல்களிடமிருந்து வரும் செய்திகளைக் கொண்டே முடிவு செய்கிறது. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் இந்தச் செய்தியைப் பெற்று உள்ளே அனுப்புகின்றன. அங்கிருந்து உட்கரு வரை செய்தியைக் கைமாற்றிக் கொண்டு செல்பவை பெரும்பாலும் 'கைனேஸ்' எனப்படும் நொதிகள்.

செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியைப் பிரித்து, மற்றொரு புரதத்தின் மீது ஒட்டவைப்பதே கைனேஸ் நொதியின் வேலை. பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறி, அது இயங்கத் தொடங்குகிறது அல்லது நின்றுவிடுகிறது. வேறொரு வகை நொதி பாஸ்பேட்டை அகற்றியதும் பழைய நிலை திரும்புகிறது. மின்விளக்கின் சுவிட்ச் போன்ற இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகியோருக்கு 1992-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனித மரபணுத் தொகுதியில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ் நொதிகளுக்கான மரபணுக்கள் இருப்பதாக 2002-ஆம் ஆண்டு வெளியான பட்டியல் தெரிவித்தது.

மரபணுப் பிழையால் இந்த சுவிட்சுகளில் ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், செல் தேவையின்றிப் பெருகுகிறது. பல புற்றுநோய்களுக்கு இதுவே அடிப்படை. வழக்கமான கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்கள் அனைத்தையும் தாக்குகின்றன. அதனால்தான் முடி உதிர்வு, வாய்ப்புண், ரத்த அணுக்கள் குறைதல் போன்ற பாதிப்புகள் ஏற்படுகின்றன. கைனேஸ் தடுப்பான்கள் பழுதான சுவிட்சை மட்டும் குறிவைக்க முயல்கின்றன.

இவை 'சிறு மூலக்கூறு' மருந்துகள் என்று அழைக்கப்படுகின்றன. இமாட்டினிப்பின் மூலக்கூறு எடை சுமார் 494 மட்டுமே. ஊசி மூலம் செலுத்தப்படும் ஆன்டிபாடி மருந்துகளின் எடை சுமார் 1,50,000. சிறு மூலக்கூறுகள் குடலில் உறிஞ்சப்பட்டு, செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே செல்லக் கூடியவை. எனவே அவற்றை மாத்திரையாகத் தர முடிகிறது. மேலும் அவற்றை வேதியியல் ஆலையில் படிப்படியாகத் தயாரிக்கலாம். ஐதராபாத்தின் பங்கு தொடங்கும் இடம் இதுவே.

இமாட்டினிப் உருவான வரலாறு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் ஆகியோர் நாட்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதை 1960-ஆம் ஆண்டு கண்டனர். 9-ஆவது, 22-ஆவது குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணம் என்பதை சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரவுலி 1973-ஆம் ஆண்டு நிறுவினார். இந்த இடமாற்றத்தால் இரு மரபணுக்கள் இணைந்து 'பிசிஆர்-ஏபிஎல்' என்ற புதிய கைனேஸ் நொதி உருவாகிறது. அது ஓயாமல் இயங்குகிறது.

நோய்க்கு ஒரே ஒரு நொதி காரணம் என்றால், அதை அடைத்தாலே போதும் என்ற எண்ணம் எழுந்தது. சுவிட்சர்லாந்தின் சிபா-கெய்கி நிறுவனத்தில் (பின்னர் நோவார்ட்டிஸ்) நிக்கோலஸ் லிடன் உள்ளிட்ட விஞ்ஞானிகளும், அமெரிக்க மருத்துவர் பிரையன் ட்ரக்கரும் இதில் ஈடுபட்டனர். ஏடிபி வந்து அமரும் குழியில் தான் அமர்ந்துகொண்டு நொதியை முடக்கும் மூலக்கூறாக இமாட்டினிப் உருவானது. நொதி ஓய்வு நிலையில் இருக்கும்போதுதான் இமாட்டினிப் அதைப் பற்றிக்கொள்கிறது என்பதை, இந்தியாவில் பிறந்த உயிரியல் விஞ்ஞானி ஜான் குரியனின் குழு 2000-ஆம் ஆண்டு படிக அமைப்பின் மூலம் காட்டியது. இவ்வளவு ஒத்த தோற்றமுள்ள நொதிகளுக்கிடையே அந்த மருந்து சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பதன் காரணம் அதன் மூலம் விளங்கியது.

முதல் கட்டப் பரிசோதனையில், 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரான நிலைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இமாட்டினிப்புக்கு அனுமதி அளித்தது. நோவார்ட்டிஸ் அதை 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றது. இம்மருந்துடன் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிர்வாழ்வோர் சுமார் 83 சதவீதம் என்று 2017-இல் வெளியான நீண்டகால ஆய்வு முடிவு மதிப்பிட்டது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய், மாத்திரையால் கட்டுக்குள் வைக்கக் கூடிய நோயாக மாறியது.

ஆனால் அதற்கு நிபந்தனை ஒன்று உண்டு. மருந்து நொதியை அழிப்பதில்லை, அடைத்து வைக்கிறது. மாத்திரை நின்றால் பெரும்பாலும் சமிக்ஞை மீண்டும் தொடங்கும். எனவே மருந்தை நாள்தோறும், பல ஆண்டுகளுக்கு வாங்கியாக வேண்டும்.

ஐதராபாத்தின் வேதியியல் பின்புலம்

ஐதராபாத்தின் பாலாநகரில் 1960-களில் பொதுத்துறை நிறுவனமான ஐடிபிஎல் தனது மருந்து ஆலையைத் தொடங்கியது. தார்நாக்காவில் உள்ள மத்திய அரசின் வேதியியல் ஆய்வகம் (இன்றைய இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம்) உற்பத்தி முறைகளை உருவாக்கித் தந்தது. ஐடிபிஎல் நிறுவனத்தில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984-ஆம் ஆண்டு டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வெங்கையா சௌத்ரி நன்னபனேனி 1981-ஆம் ஆண்டு தொடங்கிய நாட்கோ பார்மாவும், பின்னர் வந்த ஹெட்டரோவும் இதே நகரைச் சேர்ந்தவை.

இவற்றின் வளர்ச்சிக்கு 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வழிவகுத்தது. அச்சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே வழங்கியது. எனவே வேறு முறையில் அதே மருந்தைத் தயாரிப்பது சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தது. இந்தச் சூழலில் நாட்கோ 2003-ஆம் ஆண்டு இமாட்டினிப்பின் ஜெனரிக் வடிவத்தை 'வீனாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கிளிவெக் ஒரு மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் என்ற விலையில் இருந்தபோது, இந்திய ஜெனரிக் மருந்துகள் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தன. நோவார்ட்டிஸ் தனது உதவித் திட்டத்தின் கீழ் இந்தியாவில் பல ஆயிரம் நோயாளிகளுக்கு இம்மருந்தை இலவசமாக வழங்கியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இமாட்டினிப் மெசிலேட் உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் 1998-ஆம் ஆண்டு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி மருந்துப் பொருள்களுக்கும் காப்புரிமை வழங்கும் சட்டத்திருத்தம் 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பின்னரே அந்த விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும், நாட்கோ, ஹெட்டரோ, சிப்ளா, ரான்பாக்ஸி ஆகிய நிறுவனங்களும் அதை எதிர்த்தன.

அதே சட்டத்திருத்தத்தில் நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவை விரிவாக்கியிருந்தது. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் செயல்திறனைக் கூட்டாத வரை காப்புரிமைக்குத் தகுதி பெறாது என்பதே அப்பிரிவின் சாரம். அதன் அடிப்படையில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவின் செல்லுபடியை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் 2009-ஆம் ஆண்டு காப்புரிமை வழங்க மறுத்தது.

இறுதியாக 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி நீதிபதிகள் ஆப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு நோவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. புதிய படிக வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்ற வாதத்தை நீதிமன்றம் பரிசீலித்தது. மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்பது நோயைக் குணப்படுத்தும் திறனையே குறிக்கும். கூடுதல் உறிஞ்சுதல் அத்தகைய திறனாக மாறுகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பு கூறியது. இதனால் ஜெனரிக் இமாட்டினிப் தொடர்ந்து சந்தையில் இருக்க வழி ஏற்பட்டது.

சோராபெனிப்: ஒரே ஒரு கட்டாய உரிமம்

இரண்டாவது வழக்கில் நிலைமை வேறு. பேயர் நிறுவனத்தின் சோராபெனிப் பல கைனேஸ் நொதிகளை ஒருசேரத் தடுக்கிறது. புற்றுக்கட்டியின் வளர்ச்சிச் சமிக்ஞையையும், அதற்கு உணவூட்டும் புதிய ரத்தக் குழாய்கள் உருவாவதையும் அது தடுக்கும். முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும், அறுவைச் சிகிச்சை செய்ய இயலாத கல்லீரல் புற்றுநோய்க்கும் இது பயன்படுகிறது. 'நெக்ஸாவர்' என்ற பெயரில் விற்கப்பட்ட இம்மருந்துக்கு 2008-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமை கிடைத்தது. அதன் செல்லுபடி இவ்வழக்கில் கேள்விக்கு உள்ளாகவில்லை. ஒரு மாத மருந்தின் விலை சுமார் 2,80,000 ரூபாய் என்பதே பிரச்சினை.

பேயரிடம் தன்னார்வ உரிமம் கேட்டுப் பெற முடியாத நிலையில், நாட்கோ 2011-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவின் கீழ் கட்டாய உரிமம் கோரியது. காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச்.குரியன் 2012 மார்ச் 9-ஆம் தேதி அதை வழங்கினார். மருந்து தேவைப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே அது கிடைத்தது, விலை நியாயமானதாக இல்லை, காப்புரிமை இந்தியாவில் செயல்படுத்தப்படவில்லை என்ற மூன்று காரணங்களையும் அவர் ஏற்றுக்கொண்டார். மாதத்துக்கான 120 மாத்திரைகளை 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்க வேண்டும், பேயருக்கு 6 சதவீத ராயல்டி செலுத்த வேண்டும், ஆண்டுதோறும் 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்க வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

மேல்முறையீட்டு வாரியம் 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதி செய்து, ராயல்டியை 7 சதவீதமாக உயர்த்தியது. மும்பை உயர் நீதிமன்றம் 2014 ஜூலையிலும், உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரிலும் பேயரின் மனுக்களை ஏற்க மறுத்தன. இந்தியாவில் இதுவரை வழங்கப்பட்ட கட்டாய உரிமம் இது ஒன்றே. மற்றொரு கைனேஸ் தடுப்பானான டாசட்டினிப்புக்கு மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் கோரிய உரிமம் 2013-ஆம் ஆண்டு நிராகரிக்கப்பட்டது. காப்புரிமைதாரரிடம் முறையாக உரிமம் பெற முதலில் முயன்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாததே அதற்குக் காரணம்.

விலை குறைவதால் மருந்தின் வலிமை கூடுவதில்லை என்பதையும் சோராபெனிப் காட்டுகிறது. முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கான முக்கியப் பரிசோதனையில், இம்மருந்து பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 10.7 மாதங்கள், போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 7.9 மாதங்கள். இமாட்டினிப் தந்த ஆண்டுகளுடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய பலன். ஒரே நொதியின் பழுதால் உருவாகும் புற்றுநோய்கள் குறைவு. பெரும்பாலான கட்டிகளில் பல பழுதுகள் ஒருசேர உள்ளன. ஒரு வழி அடைபட்டால் செல் மற்றொரு வழியைப் பயன்படுத்திக்கொள்கிறது.

மருந்துக்கு அடங்காத செல்கள்

இமாட்டினிப் பெறுவோரிலும் சிலருக்குக் காலப்போக்கில் மருந்து பலனளிப்பதில்லை. நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து அமரும் குழியின் வடிவம் மாறிவிடும். இதை எதிர்கொள்ள டாசட்டினிப், நிலோட்டினிப் ஆகியவை வந்தன. 'டி315ஐ' என்ற மாற்றத்துக்கு அவை இரண்டும் பயன்படாததால் பொனாட்டினிப் உருவாக்கப்பட்டது. ஏடிபி குழியைத் தவிர்த்து நொதியின் வேறோர் இடத்தில் பிணையும் அசிமினிப் 2021-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நுரையீரல் புற்றுநோயிலும் இதே போட்டி நடைபெறுகிறது. 'இஜிஎப்ஆர்' என்னும் ஏற்பி நொதியில் மாற்றம் உள்ள நோயாளிகளுக்கு ஜெபிட்டினிப், எர்லோட்டினிப் ஆகியவை தரப்படுகின்றன. புகைப்பழக்கம் இல்லாத ஆசிய நோயாளிகளிடம் இந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது. அவற்றுக்கு எதிர்ப்பு உருவாகும்போது பயன்படும் ஓசிமெர்ட்டினிப் மீதான சுங்க வரியை மத்திய அரசு 2024 ஜூலை பட்ஜெட்டில் முற்றிலும் நீக்கியது.

உம்ப்ராலிசிப் தரும் பாடம்

நகல் மருந்துகளோடு ஐதராபாத்தின் பங்கு முடிந்துவிடவில்லை. ரைசன் நிறுவனமும், ஐதராபாத்தில் இயங்கும் அதன் ஆய்வுப் பிரிவான இன்கோசென் தெரபியூட்டிக்ஸும் 'உம்ப்ராலிசிப்' என்ற புதிய மூலக்கூறை உருவாக்கின. 'பிஐ3கே-டெல்டா' என்னும் சமிக்ஞை நொதியைத் தடுக்கும் இம்மருந்தை அமெரிக்காவின் டிஜி தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று மேம்படுத்தியது. 2021 பிப்ரவரியில் இருவகை நிணநீர்ப் புற்றுநோய்களுக்கு அமெரிக்க அரசு விரைவு அனுமதி அளித்தது.

அந்த வெற்றி நீடிக்கவில்லை. மற்றொரு பரிசோதனையில் இம்மருந்து பெற்றவர்களிடையே இறப்பு அபாயம் கூடியிருக்கலாம் என்ற அறிகுறி தென்பட்டது. 2022 ஏப்ரலில் நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றது. ஜூன் மாதம் அனுமதியும் ரத்தானது. பிஐ3கே நொதி புற்றுநோய் செல்லுக்கு மட்டும் உரியதன்று. நோய் எதிர்ப்பு செல்களும் அதைச் சார்ந்தே இயங்குகின்றன. எனவே அதைத் தடுக்கும் பல மருந்துகளில் தொற்று, கல்லீரல் அழற்சி, கடும் வயிற்றுப்போக்கு போன்ற பாதிப்புகள் காணப்பட்டன. நொதியைத் தடுப்பதும், கட்டியைச் சுருக்குவதும் மட்டும் போதாது. நோயாளி கூடுதல் காலம் வாழ்கிறாரா என்பதே இறுதி அளவுகோல் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

நோயாளிகள் அறிய வேண்டியவை

கைனேஸ் தடுப்பான் அனைவருக்கும் பொருந்துவதில்லை. நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவில் பிசிஆர்-ஏபிஎல் பரிசோதனையும், நுரையீரல் புற்றுநோயில் இஜிஎப்ஆர் உள்ளிட்ட மரபணுப் பரிசோதனைகளும் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. மருந்து தொடங்கிய பின், குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்து பலனை அளக்க வேண்டும்.

இமாட்டினிப்பை உணவுடன், ஒரு கோப்பை நிறையத் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். நிலோட்டினிப், சோராபெனிப் போன்றவற்றுக்கு வெறும் வயிறு தேவை. கண்களைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் ஆகியவை இமாட்டினிப்பில் பொதுவானவை. சோராபெனிப்பால் உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் உரிந்து எரிச்சல் ஏற்படலாம். காசநோய்க்கான ரிபாம்பிசின் இமாட்டினிப்பின் அளவை ரத்தத்தில் பெருமளவு குறைத்துவிடும். ஆகவே வேறு எந்த மருந்தைத் தொடங்கும் முன்பும் புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். கருவுற்றவர்களும், கருவுறத் திட்டமிடுவோரும் முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும்.

நலமாக இருப்பதாக எண்ணி மாத்திரையை விட்டுவிட்டு எடுத்துக்கொள்வது ஆபத்தானது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாத்திரைகளைத் தவறவிட்டவர்களுக்கு நோய் ஆழமாகக் கட்டுப்படும் வாய்ப்பு வெகுவாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பல ஆண்டுகள் நோய் ஆழமாகக் கட்டுப்பட்டிருக்கும் சிலருக்கு, தொடர் பரிசோதனையுடன் மருந்தை நிறுத்திப் பார்க்கும் முறை இப்போது உள்ளது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. ஆனால் அந்த முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும்.

இந்தியாவில் நாட்பட்ட மைலாய்டு லுகேமியா மேலை நாடுகளைவிட இளம் வயதிலேயே தாக்குகிறது. சம்பாதிக்கும் வயதில் இருப்பவர் பல பத்தாண்டுகளுக்கு இம்மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். இமாட்டினிப் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 2011-ஆம் ஆண்டிலும், உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் 2015-ஆம் ஆண்டிலும் இடம்பெற்றது. ஒரு வேளை தவறினாலும் மீண்டும் பேசத் தொடங்கும் நொதிக்கு எதிராக, நோயாளி மாதந்தோறும் வாங்கக் கூடிய விலையும் மருந்தின் மூலக்கூறு அளவுக்கே இன்றியமையாதது. ஐதராபாத் ஆலைகளும் சென்னையில் தொடங்கிய வழக்கும் சேர்ந்து அந்த விலையை எட்டச் செய்தன. புதிதாக வரும் கைனேஸ் தடுப்பான்களுக்கும் அது சாத்தியமாகுமா என்பதே இந்திய நோயாளிகள் முன்னுள்ள கேள்வியாகும்.